பெட்டியிடம் சுருதி கேட்டவன்

மாணிக்கவாசகம் தங்கமான மனுஷன் என்று தி.நகரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். என் காதில் விழுகிற மாதிரி மட்டும் சொல்ல வேண்டாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அடிக்க ஓங்குகிற கை அதைவிட நீளம்.

என் பெயர் மரியசெல்வம். சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில் கட்டுமரம் ஏறுகிறவன். அறுபத்தேழிலிருந்து எழுபது வரைக்கும் இந்த மெட்ராஸில் ‘டீப்பெட்டி பாய்ஸ்’ என்று ஒரு பாட்டுக் கோஷ்டி இருந்தது. காலேஜ் விழா, கல்யாண ரிசப்ஷன், பொருட்காட்சி என்று எங்களைக் கூப்பிடாத இடமில்லை. அந்த டீப்பெட்டியை வாசித்தவன் நான்தான்.

அது ஆரம்பித்த கதை வேடிக்கையானது. மாணிக்கவாசகத்தின் அப்பாவுக்குத் தி.நகரில் துணிக்கடை. திருநெல்வேலியிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். காலேஜில் படித்துக்கொண்டிருந்த மாணிக்கம் எங்கேயோ ஒரு லண்டன் இசைத்தட்டைக் கேட்டுவிட்டான். அந்த ஊர்ப் பையன்கள் காசு கொடுத்து வாத்தியம் வாங்காமல் டீத்தூள் வருகிற மரப்பெட்டியையும் துணி துவைக்கிற பலகையையும் வைத்துக்கொண்டே பாட்டுப் பாடுகிறார்களாம். இவனுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஒரு கிடாரைத் தூக்கிக்கொண்டான். அவன் கடையில் சேல்ஸ்மேனாக இருந்த வெள்ளைத்துரை தகரம் அடித்த துணி துவைக்கும் பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தையல்காரர் விரலில் போடுகிற இரும்புத் தொப்பிகளைப் பத்து விரலிலும் போட்டுச் சரசரவென்று தேய்ப்பான். இரண்டு பேரும் சாயங்காலமானால் எங்கள் கடற்கரைக்கு வந்துவிடுவார்கள்.

டீப்பெட்டிதான் அவர்களுக்கு வசப்படவில்லை. பெட்டியைக் கவிழ்த்து, நடுவில் ஓட்டை போட்டு, அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்து மூங்கில் கழியின் நுனியில் கட்ட வேண்டும். கழியைச் சாய்த்து நிமிர்த்தினால் சுரம் ஏறி இறங்கும். இவர்கள் கட்டிய கம்பி ஒன்று அறுந்தது, இல்லாவிட்டால் விரலை அறுத்தது. நான் பக்கத்தில் வலை முடைந்துகொண்டிருந்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

“இன்னா நைனா, பொட்டிய சித்ரவதை பண்ணிக்கினு கீறீங்க. நவுருங்க,” என்று எழுந்து போய், தூண்டிலுக்குப் போடுகிற தடித்த நைலான் நரம்பைக் கட்டி, ஒரு காலைப் பெட்டிமேல் வைத்து இழுத்துத் தட்டினேன். தும் என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், மாணிக்கம் கிடாரை மணலில் போட்டுவிட்டான்.

“நீதான்லே எங்க ஆளு,” என்றான். அன்றைக்கு எனக்கு அந்த வார்த்தை இனித்தது. இன்றைக்கு நினைத்தால் வயிறு எரிகிறது.

எங்கள் கோஷ்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்தக் கச்சேரியிலும் இதை நீங்கள் பார்த்திருக்க முடியாது. கடல் காற்றில் பெட்டிப் பலகை ஊறும், வெயிலில் காயும். அதனால் அதன் சத்தம் ஒரு நாளைப் போல மறுநாள் இருக்காது. பெட்டியைக் கிடாருக்குச் சேர்க்க முயன்று பார்த்தோம், நடக்கவில்லை. கடைசியில் மாணிக்கம், “பெட்டி இறங்கி வராது, நாமதான் அதுகிட்டப் போவணும்,” என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால், திரை தூக்கியதும் நான் ஒரு தட்டுத் தட்டுவேன். அவன் ஜனங்கள் பார்க்க மேடையிலேயே குனிந்து பெட்டியில் காதை வைத்து, கிடாரின் முறுக்காணியைத் திருகிச் சுருதி சேர்த்துக்கொள்வான். துணிக்கடை முதலாளி மகன் மீன்காரன் பெட்டிக்குக் குனிகிறான் என்று குப்பத்தில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

‘வர்றேன்னு சொன்ன பஸ்ஸு’ என்று ஒரு பாட்டு. நாங்கள் மூன்று பேரும் அடையாறு ஆற்றுப் பாலத்துப் பக்கம் பஸ்ஸுக்குக் காத்துக் காத்து வெறுத்துப் போய்க் கட்டிய பாட்டு அது. அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எழுபதில் அதை இசைத்தட்டாகப் போட ஒரு கம்பெனி முன்வந்தது. “ரெக்கார்டிங் வர்ற திங்கக்கிழமை, கடைக்கு வந்துரு,” என்றான் மாணிக்கம். நான் கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்து, திங்கட்கிழமை காலை தி.நகர் போய் நின்றேன். கடை வாசலில் வெள்ளைத்துரை என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். ரெக்கார்டிங் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டிருந்தது. பெட்டிக்குப் பதிலாக ஸ்டூடியோ ஆள் ஒருவன் பெரிய ஃபிடில் மாதிரி ஒன்றை வாசித்திருக்கிறான்.

“பெட்டியெல்லாம் மைக்குல நிக்காதுன்னுட்டாங்க மரியா. நான் என்ன செய்ய?” என்றான் மாணிக்கம்.

என்ன செய்யவா? என்னிடம் தேதியையாவது சரியாகச் சொல்லியிருக்கலாம். அதைத்தான் கேட்டேன்.  அதோடு கோஷ்டி உடைந்தது.

இதன் பிறகுதான் எனக்கும் அந்தோணியம்மாளுக்கும் கல்யாணம் நடந்தது. அவள் வந்த முதல் வருஷம், மாதா கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். “இது எங்க பாட்டு,” என்றேன். அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

“இதுல உன் பொட்டி எங்க கீது?”

“அதுல என் பொட்டி இல்ல. வேற ஆள வெச்சுப் போட்டுட்டானுங்க.”

அவள் சிரித்துவிட்டாள். “ஊரெல்லாம் வாசிச்சியாம், கேக்குற எடத்துல மட்டும் இல்லியாம். நல்லாத்தான் கதை வுடுற.”

அவள் பொல்லாதவள் இல்லை. மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர் தெருவெல்லாம் சுற்றுகிறவளுக்குப் புருஷன் ஒரு காலத்தில் மேடையில் நின்றான் என்று எப்படி நம்பிக்கை வரும்? நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். டீப்பெட்டியைக் கவிழ்த்து வைத்தால் கோழி அடைக்கத் தோதாக இருக்கிறது என்று அவள் அதைக் கொல்லைக்குக் கொண்டுபோய்விட்டாள். எனக்கு உள்ளுக்குள் இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவையாவது இவள் காதில் என் பெட்டி விழ வேண்டும்.

எழுபத்தெட்டில் ஒரு நாள் குப்பத்து வாசலில் அம்பாசிடர் கார் வந்து நின்றது. மாணிக்கம் இறங்கினான். முன் தலை வழுக்கை, கழுத்தில் தங்கச் சங்கிலி. பின்னாலேயே வெள்ளைத்துரை. மயிலாப்பூரில் ஏதோ சங்கத்தின் ஆண்டு விழாவாம். பழைய டீப்பெட்டி பாய்ஸ் மறுபடி ஒன்றாக நிற்க வேண்டும் என்று கேட்கிறார்களாம்.

“வேற ஆளப் பாரு,” என்றேன்.

“பெட்டி இல்லாம டீப்பெட்டி பாய்ஸ் ஏதுலே? அன்னைக்கு நடந்தது தப்புதான். மனசுல வச்சுக்கிடாதே,” என்றான். கண்கூடக் கலங்கியது. வெள்ளைத்துரை என் தோளில் கை போட்டு, “நீ இல்லேன்னா நானும் இல்ல,” என்றான்.

“ஒண்ணே ஒண்ணு. என் பொட்டி மைக்குல கேக்கணும்.”

மாணிக்கம் மாதா கோயில் இருந்த திக்கில் கையை நீட்டினான். “அந்த மாதா மேல ஆணை. மொத மைக்கே உன் பெட்டிக்குத்தான்.”

மாதா மேல் ஆணை வைத்த பிறகு நான் என்ன பேசுவேன்? அந்தோணியம்மாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும் கொல்லைக்குப் போய், கோழிகளை விரட்டிவிட்டுப் பெட்டியைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். நான் புது நரம்பு கட்டினேன்.

ஒத்திகைக்கு எப்போது வரட்டும் என்று கேட்டதற்கு, “உனக்கெதுக்குலே ஒத்திகை? நீ நேரா அன்னைக்கு வா போதும்,” என்று வெள்ளைத்துரை சொல்லி அனுப்பினான். அதைக்கூட மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

விழா அன்று ரிக்ஷாவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு நானும் அவளும் போனோம். அவள் மாம்பழக் கலர் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் அவள் ஏதோ பெருமையாகச் சொல்வதைப் பார்த்துவிட்டுத்தான் நான் மேடைக்குப் பின்னால் போனேன்.

அங்கே ஒரு புதுப் பெட்டி இருந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்து, சிவப்பில் கோஷ்டியின் பெயர் எழுதியிருந்தார்கள். வெள்ளைத்துரை என் பெட்டியை மோந்து பார்த்தான். “கோழி நாத்தம் அடிக்குலே. மொதல் வரிசையில பெரிய மனுஷங்க இருக்காங்க. இது இங்கனயே இருக்கட்டும்,” என்று பின்படிக்கட்டு ஓரமாக ஒதுக்கிவைத்தான். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மேடையில் புதுப் பெட்டிக்கு முன்னால் பளபளவென்று ஒரு மைக் நின்றது. அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். பெட்டி எதுவானால் என்ன, கை என்னுடையதுதானே.

திரை தூக்கினார்கள். கைதட்டல் அடங்கவே நேரமானது. நான் கழியை நிமிர்த்தி, வழக்கம்போல ஒரு தட்டுத் தட்டிவிட்டு மாணிக்கத்தைப் பார்த்தேன். அவன் குனியவில்லை. பக்கத் திரைச்சீலைப் பக்கம் காதைச் சாய்த்து, அங்கிருந்து வந்த ஏதோ ஒரு சத்தத்துக்குக் கிடாரைத் திருகிக்கொண்டான். பதற்றத்தில் மறந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பாட்டு ஆரம்பித்தது. அரங்கம் முழுக்கத் தும் தும் என்று அதிர்ந்தது. என் வாழ்நாளில் பெட்டி இவ்வளவு கம்பீரமாகக் கேட்டதில்லை. மூன்றாவது வரிசையில் அந்தோணியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது செத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. இரண்டாவது சரணத்தில் பஸ் தூரத்தில் தெரிகிற இடம் வரும். அங்கே நான் கழியைச் சாய்த்து நரம்பை வழுக்கி மேலே கொண்டுபோவேன். கொண்டுபோனேன். சத்தம் போகவில்லை. அது பாட்டுக்கு ஒரே சீராகக் கீழேயே அடித்துக்கொண்டிருந்தது.

கையை எடுத்துப் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை.

திரைச்சீலை இடுக்கில் ஒரு பையனின் முழங்கையும் தடித்த கம்பி போட்ட எலக்ட்ரிக் கிடாரின் நுனியும் தெரிந்தன. என் மைக்கின் ஒயர் பெட்டிக்குப் பின்னால் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதை எதிலும் செருகவே இல்லை. வெள்ளைத்துரையைப் பார்த்தேன். அவன் பலகையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என் தோளில் கை போட்ட அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன். பாருங்கள், நான் வாசிக்கவில்லை, இது நானில்லை என்று எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் தூக்கினேன். பெட்டி தும் தும் என்று அடித்துக்கொண்டேயிருந்தது.  பிறகு அரங்கமே வெடித்துச் சிரித்தது. கோமாளிக் கோஷ்டிதானே, இதுவும் ஒரு கோமாளித்தனம் என்று நினைத்துவிட்டார்கள். மாணிக்கம் கெட்டிக்காரன். பாடிக்கொண்டே என்னைப் பார்த்து விரலை ஆட்டி மிரட்டுகிற மாதிரி செய்தான். இன்னும் சிரித்தார்கள். அந்தோணியம்மாளும் முதலில் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு நின்றது.

பாட்டு முடிந்து திரை விழுந்ததும் நான் நேரே பின்படிக்கட்டுக்குப் போனேன். மாணிக்கம் கிடார் தோளில் தொங்க ஓடி வந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். ஆனால் அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

“ஏலே, எங்கிருந்துலே அந்த யோசனை வந்துச்சு? பிச்சு எடுத்துட்ட. அடுத்த வாரம் கோயம்புத்தூர்ல கூப்பிட்டிருக்காங்க. அங்கயும் அதே இடத்துல கையத் தூக்கு, என்ன?”

“மாதா மேல ஆணை வெச்சியே நைனா.”

“மைக்கு வச்சேம்லா,” என்றான், கொஞ்சமும் கூசாமல்.

கை ஓங்கியது உண்மை. அடிக்கவில்லை. அடித்தால் அதையும் கோயம்புத்தூரில் செய்யச் சொல்வான். என் பழைய பெட்டியை ஓரத்திலிருந்து இழுத்துப் போட்டேன். ஒரு காலை அதன்மேல் ஊன்றி, கழியைச் சாய்த்து, ஒரே ஒரு தட்டுத் தட்டினேன்.

தும்.

மாணிக்கம் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினான். அவன் தலை தானாகப் பெட்டிப் பக்கம் தாழ்ந்தது. முதுகு குனிந்தது. இடது கை கிடாரின் கழுத்து வழியாக மேலேறி முறுக்காணியைத் தேடிப் பிடித்தது. திருகக்கூட ஆரம்பித்துவிட்டான். அப்புறம்தான் என்ன செய்கிறோம் என்று அவனுக்கே உறைத்தது. அப்படியே நின்றுவிட்டான். வெள்ளைத்துரை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

பின்வாசலில் அந்தோணியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. குனிந்து நின்ற மாணிக்கத்தைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள்.  வந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

மயிலாப்பூர் கச்சேரி ரோடு வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டே நடந்தோம். அங்கே வந்ததும் அவள், “அந்த ரெக்கார்டுலயும் இப்படித்தான் பண்ணானுங்களா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“நான்தான் உன்ன நம்பாம பூட்டேன்,” என்றாள். கொஞ்ச தூரம் போய், “அந்த ஒரு சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு,” என்றாள்.

நான் எத்தனையோ வருஷம் காத்திருந்த வார்த்தை அது. கேட்டதும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது, அழுகையும் வந்தது. மாணிக்கம் என் பெட்டிக்குக் குனிந்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திரை விழுந்த பிறகு, மைக் இல்லாத இடத்தில் குனிந்தான்.