லாருதா வீட்டு ஆஜர்

சாலை மறியலன்று காலை நகர்ச் சங்கத் தலைவர் ருஃபினோ வீடு வீடாகப் பேர் கூப்பிட்டபோது, எங்கள் வீட்டுக்காகக் கை தூக்கியது ஆட்ரி. "லாருதா வீடு?" என்று அவர் கேட்டாராம். என் அம்மாவின் பழைய சால்வையைச் சுற்றிக்கொண்டு, மூக்கு நுனி வெயிலில் தோலுரிந்து நின்ற அந்த அமெரிக்கப் பெண், "ஆஜர்" என்றாளாம். கூட்டமே சிரித்ததாம். ருஃபினோவும் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போனாராம். எதிர்வீட்டு நார்பெர்தா அக்கா சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். நான் அப்போது கீழே லா பாஸில் ஒரு கடையில் கோழி பொரித்துக்கொண்டிருந்தேன்.

லா பாஸ் நகருக்கு மேலே மலைமேட்டில் இருக்கும் எல் ஆல்டோவில் எங்கள் பேட்டைக்கு இன்றைக்கும் லாரித் தண்ணீர்தான். லாரிக்காரன் வருகிற நாளில் வருவான், டிரம்மில் ஊற்றுவான், விடிவதற்குள் மேலே ஐஸ் கட்டிவிடும். குழாய் கேட்டுத்தான் மறியல். வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும், வராத வீட்டுக்குக் குழாய் கிடையாது என்பது சங்கத்தின் கண்டிப்பு. ஆனால் மறியல் விழுந்தது வியாழக்கிழமை, சந்தை நாள். அம்மா ஒரு வியாழன் தன் இடத்தில் துணி விரிக்காவிட்டால் அடுத்த வாரம் அங்கே இன்னொருத்தி உட்கார்ந்திருப்பாள். எனக்கோ கடையில் லீவு கிடையாது. அப்பா சிலி நாட்டுப் பக்கம் வேலைக்குப் போனவர், போனவர்தான்.

முந்தின நாள் சூப் குடிக்கும்போது ஆட்ரிதான் பேச்சை எடுத்தாள். "நான் செல்லட்டுமா? எனக்கு மிகவும் விருப்பம். என் பாடமே இதுதான்."

அம்மா "வாரா" என்று என் பேரைச் சொல்லி என்னைப் பார்த்தாள். "நம்ம பானையில சாப்பிடுறவ நம்ம வீட்டு ஆள்தானே. போயிட்டு வரட்டும். தொப்பி போட்டுக்கச் சொல்லு, வெயில் தோலை உரிச்சிரும்."

அதில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் பேட்டையில் குடியிருப்பவன், மச்சான், ஞானஸ்நானத்தில் ஏற்ற பிள்ளை என்று யார் யாரோ வீட்டுக்காகப் போய் நிற்பார்கள். உலையில் யாருடைய பங்கு வேகிறதோ அவர்கள் அந்த வீட்டு ஆள். மஞ்சள் முடி இருந்தால் கணக்கு வேறு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அந்த முடி எங்களுக்குப் பழகிப் போயிருந்தது.

ஒரு பருவம் எங்கள் நாட்டில் தங்கி, மக்கள் இயக்கங்களைப் படித்து, ஸ்பானிஷையும் தேற்றிக்கொண்டு போவதற்காக வந்தவள் ஆட்ரி. அதற்கு அவளுடைய கல்லூரி தேர்ந்தெடுத்த வீட்டைப் பாருங்கள். அம்மாவுக்கு எங்கள் மலைநாட்டு மொழியான அய்மாராதான் பேச்சு. ஸ்பானிஷ் பேசினால் சந்தையில் சீமாட்டிகள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். குருடிக்கு வழி காட்ட இன்னொரு குருடி என்று நான் கேலி செய்வேன். என் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் அம்மாவோடு படுத்துக்கொண்டேன். மறியல் என்றால் என்ன, யார் முடிவெடுக்கிறார்கள், டயரை எப்போது கொளுத்துவார்கள் என்று அவள் கேட்கக் கேட்க நான் சொன்னேன். "நீ மிக அருமையாக விளக்குகிறாய்" என்பாள். அதே படிப்புக்கு எனக்கும் இடம் கிடைத்திருந்தது. படிக்கப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் கோழிக்கடைக்குப் போனேன். இருந்தாலும் அவளை எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன்.

வெள்ளிக்கிழமை எல்லார் கைப்பேசியிலும் ஒரே படம். எரியும் டயர், அதற்கு முன்னால் பதாகையோடு ஆட்ரி. அந்நியர்கள் பணம் கொடுத்துத் தூண்டிவிடுகிறார்கள் என்று வானொலியில் கத்தினார்கள். அதிகாரிகளுக்கு இது போதாதா? வெளிநாட்டுக்காரர்கள் நடத்தும் போராட்டத்தோடு பேச்சில்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

சாயங்காலம் ருஃபினோ வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"செவெரினாக்கா, ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நீங்க பதில் சொல்லணும்."

"ஆஜர் போட்டது நீங்கதானே அண்ணே?"

"நான் சிரிச்சேன், அவ்வளவுதான். போட்டேன்னு யாரு சொன்னா?"

அவர் போனபிறகு அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு ஆட்ரியைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாள். தன் உடைந்த ஸ்பானிஷில், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துப் பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை என்கூட வா. உன்னை யாரும் பணம் குடுத்து அனுப்பலைன்னு சொல்லு. தலைவர் பேர் கூப்பிட்டாரு, நீ ஆஜர் சொன்ன, அவரு ஏத்துக்கிட்டாருன்னு சொல்லு. நான் சொன்னா பொய்ம்பாங்க. நீ சொன்னா கேப்பாங்க. இல்லேன்னா நமக்குக் குழாய் இல்ல."

ஆட்ரி அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "நான் நிச்சயம் வருவேன். இது என் கடமை."

சனிக்கிழமை காலை வாசலில் ஒரு வேன் நின்றது. ஆட்ரியின் படிப்பை இங்கே கவனிக்கும் அம்மையார், நல்ல கம்பளிக் கோட்டு போட்டவர், ரொம்ப மரியாதையாகப் பேசினார். பாதுகாப்பு விதி, வேறு வழியில்லை, உடனே கிளம்பவேண்டும் என்றார். ஆட்ரி அழுதுகொண்டே பெட்டியை அடுக்கினாள்.

"ஒரே ஒரு நாள்" என்றேன். "நாளைக்கு மத்தியானம் நானே கொண்டுவந்து விடுறேன்."

அவள் அந்த அம்மையாரைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வாரா, இப்போது செல்லாவிட்டால் இந்தப் பருவம் முழுவதும் எனக்கு வீணாகிவிடும்" என்றாள் ஆட்ரி. அதுவரை பேசியதிலேயே பிழையில்லாத வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அம்மா வழிக்கு வேண்டுமென்று அவித்த கிழங்கும் பாலாடைக்கட்டியும் துணியில் முடிந்து அவள் மடியில் வைத்தாள். எனக்கு ஆட்ரியைவிட அம்மா மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தனியாகவே பேசினாள். எல்லாரும் கேட்டார்கள். மறியலில் சிரித்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள், ஒருத்தர் வாய் திறக்கவில்லை. நார்பெர்தா அக்கா தன் கைக்குழந்தையின் குல்லாயைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். அதிகாரிகளுக்குக் காட்ட ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. அந்நிய ஆளை அனுப்பியது ஒரு குடும்பம் செய்த தப்பு, அந்தக் குடும்பத்தைக் குழாய்த் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டோம் என்று சங்கம் சொன்னது. அந்த வாரமே பேச்சுவார்த்தை நடந்தது, கையெழுத்தும் ஆனது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆனாலும் பள்ளம் தோண்டும் வேலை பொதுவேலை, அதில் யாருக்கும் விலக்கில்லை. அவரவர் வாசலுக்கு நேரே அவரவர் தோண்டவேண்டும்.

சில மாதங்கள் கழித்து, குளிரில் மண் இறுகிப்போன ஒரு காலையில் ஊரே பள்ளத்தில் இறங்கியது. நான் ஒரு முனையிலிருந்து கடப்பாரை போட, அம்மா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணை வாரி எறிந்தாள். அப்போதுதான் என் கைப்பேசி அடித்தது. திரையில் ஆட்ரி. அவளுக்குப் பின்னால் அவளுடைய கல்லூரியின் வெளிச்சமான வகுப்பறை, வரிசையாகப் பிள்ளைகள்.

"வாரா, எப்படிடி இருக்க? என் வகுப்புல எல்லாரும் உன்னைப் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. நம்ம போராட்டத்தைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசுறேன். நாம ஜெயிச்சிட்டோம்ல."

அவள் ஸ்பானிஷ் நன்றாகத் தேறியிருந்தது. அம்மாவின் இழுவைகூட அதில் இருந்தது.

"பள்ளம் தோண்டுறோம்" என்றேன்.

"அய்யோ, காட்டேன்."

காட்டினேன். பள்ளத்தின் கரையோடு ருஃபினோ பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். எங்கள் வாசலுக்கு வந்ததும் குரல் கொஞ்சம் தணிந்தது.

"லாருதா வீடு?"

"ஆஜர்" என்றது கைப்பேசி. ஆட்ரி சிரித்தாள். வகுப்பு முழுக்கச் சிரித்துக் கை தட்டியது.

பள்ளத்தில் யாரும் சிரிக்கவில்லை. ருஃபினோ கைப்பேசியைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா நிமிரவில்லை.

"ஆஜர்" என்றாள்.

மேல்வீட்டுப் பக்கமிருந்து நீலக் குழாயை உருட்டிக்கொண்டே வந்தார்கள். முனை எங்கள் வாசலுக்கு வந்தது. அடியில் ஒரு கூழாங்கல் துருத்திக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து அதை நோண்டி எடுத்துப் போட்டு, குழாய் வளையாமல் இரண்டு கையாலும் தாங்கி மண்ணில் படுக்கவைத்தாள். பிறகு அதன் முனையை அடுத்த வீட்டுக்காரியிடம் நீட்டினாள்.