டாக்டர் எது வேணும் என்று கேட்டபோது

கொலஸ்ட்ரால் மாத்திரையால் கால் வலி தாங்கவில்லை என்று பரஞ்சோதி சொன்னதற்கு டாக்டர் நபீலா முகம் சுளிக்கவில்லை. "டோஸைக் குறைச்சு, கூட இன்னொரு மாத்திரை சேத்துக்கலாம். இல்லன்னா வேற மாத்திரைக்கு மாறிப் பாக்கலாம். உங்களுக்கு எது வேணும், அங்கிள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் பரஞ்சோதி பயந்துபோனார். மலேசியாவில் கூலிம் ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் காவல் வேலை பார்க்கும் மனிதர். போன வருடம்தான் இதயக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். அண்ணன் மணியத்தைப் பார்த்த டாக்டரும் கடைசியில் இப்படித்தான் சொன்னார், அவருக்கு என்ன வேணும்னு கேட்டுச் செய்யுங்க என்று. அண்ணன் ஆட்டுக்கறி கேட்டார். இருபதாம் நாள் போய்ச் சேர்ந்தார். டாக்டர் அதட்டுகிற வரைக்கும் உயிருக்குக் கேடில்லை, விருப்பத்தைக் கேட்டால் கதை முடிந்தது. அறுபது வயதுக்குள் பரஞ்சோதி சேர்த்து வைத்திருந்த மருத்துவ ஞானம் இவ்வளவுதான்.

"இன்னும் எத்தன மாசம், டாக்டர்?"

"மூணு மாசம்," என்று நபீலா அட்டையில் எழுதிக் கொடுத்தார். "ஆன்ட்டி வெளியதான இருக்காங்க? பேசிட்டு வந்து சொல்லுங்க."

வெளியே மனைவி தேவகியின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். "மூணு மாசம்தானாம். உங்கிட்டப் பேசிக்கச் சொல்றாங்க."

தேவகி அழவில்லை. அட்டையைப் பிடுங்கிப் படித்தாள். "அடுத்த ரத்த டெஸ்ட்டுக்கு மூணு மாசம்லா," என்றவள், அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய் நடந்ததைச் சொன்னாள்.

நபீலாவுக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. "மன்னிச்சுக்குங்க, அங்கிள். ரெண்டுமே நல்ல வழிதான். உங்க ரத்தத்துல என்ன இருக்குன்னு மெஷின் சொல்லிரும். கால் எத தாங்கும், எது உங்களுக்குச் சரிப்படும்னு நீங்க சொன்னாத்தான தெரியும். அதான் கேட்டேன்."

பரஞ்சோதிக்கு உடம்பே லேசாகிவிட்டது. செத்துப் பிழைத்த சந்தோஷத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஒண்ணு சொல்லணும், டாக்டர். அந்த மாத்திரையப் போட்டு ஆறு வாரம் ஆவுது. நானே நிறுத்திட்டேன்."

தேவகி பார்த்த பார்வையில் இன்னொரு ஸ்டென்ட் தேவைப்பட்டிருக்கும். நபீலா பேனாவை மேசையில் வைத்தார்.

"போன மாசம் வந்தப்பவே ஏன் சொல்லல, அங்கிள்?"

"போன தடவ யாரும் என்னைய ஒண்ணும் கேக்கல," என்றார் பரஞ்சோதி. பிறகு நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப நீங்க சொன்னது எதுவும் காதுல ஏறல. ரெண்டையும் மறுபடி சொல்லுங்க, டாக்டர். கேட்டுட்டு நான் சொல்றேன்."