சால்வைக்குப் பின்னால் இருந்த சுவர்

தான் பின்னிய சால்வையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு நிரஞ்சலா தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தாள். வாயில் வைப்பதற்குள் ஹம்ஸியாவிடமிருந்து அழைப்பு வந்தது. ஹம்ஸியா குரல் பதிவு அனுப்புவாளே தவிர, நேராக அழைத்ததில்லை.

"நிரஞ்சலா, இப்ப போட்ட படத்தையும் போன ஞாயித்துக்கிழமைப் படத்தையும் ஒண்டா வச்சுப் பாருங்க. சால்வைய இல்ல. பின்னால இருக்கிற சுவர."

ஹம்ஸியா பதுளை டவுனில் தையல் கடை வைத்திருப்பவள். 'நூலும் கொக்கியும்' என்ற அந்தக் குழுவைத் தொடங்கியவள் அவள்தான். லுணுகலையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும், கடல் கடந்தும்கூட அதில் பெண்கள் இருந்தார்கள். கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நிரஞ்சலாவுக்குக் கொக்கி ஊசிப் பின்னல் பற்றிப் பேச வேறு ஆள் கிடையாது. குழுவில் யாருடைய முகமும் அவளுக்குத் தெரியாது. ஆனால் யார் இறுக்கிப் பின்னுவார், யார் அவசரத்தில் கண்ணியைத் தவறவிடுவார் என்பது தெரியும். அவர்கள் போட்ட படங்களைப் பார்த்துப் பின்னிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் ஜன்னலில் தெரிந்த தேயிலை நிரைகளையே சால்வையில் வரிவரியாக இறக்கத் தொடங்கினாள். "இது யாரப் பார்த்துப் போட்டது?" என்று ஹம்ஸியா கேட்டபோது, "எங்க மலையப் பார்த்து" என்று எழுதினாள். அதிலிருந்து ஞாயிறுதோறும் வீட்டுப் பின்சுவரில் சால்வையை மாட்டிப் படம் பிடிப்பது வழக்கமாயிற்று.

இப்போது நிரஞ்சலா இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். போன வாரம் ஆணிக்கு மேலே மயிரிழையாகத் தெரிந்த வெடிப்பு, இந்த வாரம் சால்வைக்குள் நுழைந்து கீழே வெளிப்பட்டிருந்தது. சால்வையை உருவினாள். வெடிப்புக்குள் அவள் விரல் போயிற்று. உள்ளே ஈரம்.

வெளியே ஓடினாள். கிழமைக்கணக்காகப் பெய்த மழை அன்றும் விடவில்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த மேல் லயத்துக்குப் பின்னால் ஓடும் வடிகானில் தண்ணீர் செம்மண் குழம்பாக வந்துகொண்டிருந்தது. காலையில் தெளிவாகத்தான் இருந்தது.

கணவன் கிருஷ்ணராஜ் லொறியோடு கொழும்பில். வீட்டில் மாமனார் இராமையா மட்டும்.

"மாமா, செவுரு பிளந்துக்கிட்டு வருது. எறங்கிருவோம்."

"நான் பொறந்தப்பவே இருந்த வெடிப்பு அது."

"போன வாரம் இப்படி இல்ல மாமா. படத்தப் பாருங்க."

அவர் படத்தைப் பார்க்கவில்லை. "படத்த நம்பி வீட்ட விட்டுட்டுப் போவாங்களா?" என்றார்.

தோட்டத் தலைவர் விஜேந்திரனிடம் ஓடினாள். அவர் படங்களைப் பார்த்தார். முகம் மாறியது. ஆனாலும், "ஆபீஸ்ல இருந்து சொல்லாம சனத்தக் கெளப்பினா, நாளைக்கு எல்லாரும் என்னையத்தான் பேசுவாங்க," என்றார். அதற்குள் ஹம்ஸியா மறுபடி அழைத்தாள். இரண்டு படங்களையும் மண்சரிவு, வெள்ளம் என்றால் வரும் அனர்த்த முகாமைத்துவக்காரருக்கு அனுப்பிவிட்டாளாம். அவர்கள் புறப்பட்டுவிட்டார்களாம், ஆனால் வழியில் மரம் விழுந்து கிடக்கிறதாம்.

"அவங்க வரும்வரைக்கும் நிக்க வேணாம், நிரஞ்சலா. நீங்க எறங்குங்க."

சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை என்று நிரஞ்சலாவுக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டு லெட்சுமியின் கதவைத் தட்டினாள். "அக்கா, புள்ளையக் குடுங்க. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோறேன்." தினமும் அவள் கையில் குழந்தையைக் கொடுத்துப் பழகிய லெட்சுமி, ஏன் என்று கேட்கும் முன்பே நீட்டிவிட்டாள். அடுத்த வீட்டிலும் அப்படியே. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மழையில் இறங்கியபோது, திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பின்னால் லெட்சுமியின் குரல் கேட்டது. "இருடி, நானும் வாறேன்." பிறகு இன்னொரு கதவு. பிறகு எல்லாரையும் இறங்கச் சொல்லி விஜேந்திரனின் விசில்.

ரோட்டுக்கு அந்தப் பக்க மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் குழந்தைகளை விட்டுவிட்டு எண்ணிப் பார்த்தாள். பெரியவர்களில் இராமையா மட்டும் இல்லை. லெட்சுமி அவள் கையைப் பிடித்தாள். நிரஞ்சலா உதறிக்கொண்டு மறுபடி லயத்துக்கு ஏறினாள்.

வீட்டுக் கதவு நிலையோடு இறுகிப்போயிருந்தது. தோளால் முட்டித் திறந்தாள். இராமையா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"போயிரு தாயி. நான் இங்கயே இருந்துக்கிறேன்."

அவளுக்குக் கெஞ்ச நேரமில்லை. மூச்சு வாங்கியபடி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "அப்ப நானும் இருக்கேன் மாமா. கொழும்புல இருக்குறவருக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்க."

எங்கோ மேலே ஒரு வேர் அறுந்ததுபோல் சத்தம் கேட்டது. இராமையா அவளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

இருவரும் ரோட்டைத் தாண்டியபோது மலை இறங்கியது. இடிபோல இல்லை, பெரிய லொறி ஒன்று பாரத்தோடு பக்கத்தில் போவதுபோல நிலம் நடுங்கியது. திரும்பியபோது மேல் லயத்தின் பாதி இல்லை. அவர்களுடைய வீடு இருந்த இடத்தில் மண்ணும், வேரோடு புரண்ட தேயிலைச் செடிகளும் கிடந்தன. லெட்சுமி வீட்டு மாடு போயிற்று. மனிதர் யாரும் போகவில்லை.

மறுநாள் பாதை திறந்ததும் ஒரு வேன் வந்தது. சாப்பாட்டுப் பார்சல்களோடும் கம்பளிகளோடும் சில பெண்கள் இறங்கினார்கள். முன்னால் வந்தவள் குள்ளமாக இருந்தாள். அவள் நிரஞ்சலாவின் முன்னால் நின்று, "ஹம்ஸியா," என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டதும், அதுவரை அழாத நிரஞ்சலா அழுதாள். ஹம்ஸியா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முந்தின நாளிலிருந்து பள்ளிக்கூட மூலையில் ஒரு கதிரையிலேயே இருந்த இராமையா எழுந்து வந்தார். தான் உட்கார்ந்திருந்த கதிரையைத் துண்டால் துடைத்து அவர்கள் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்கம்மா," என்றார். "ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கீங்க."