மூன்று கை மஞ்சள்

என் கல்யாணத்தன்று என்னைக் காருக்குள் உட்கார வைத்து வழியெல்லாம் வேக வைத்துக்கொண்டு போனவன் என் அண்ணன் வேம்புலி. அதற்காக இன்றைக்கும் அவனைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கேலிக்குச் சொல்லவில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம், வைகாசி மாதம். எங்கள் வீடு மண்ணூர்பேட்டையில். அப்பா இல்லை. அண்ணன் பக்கத்துத் தொழிற்பேட்டையில் லேத்து ஓட்டினான். நாலு கை மாறி வந்த ஒரு பழைய சீமைக் காரை வாங்கி வைத்திருந்தான். அதை மெக்கானிக்கிடம் விட்டதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொள்வான். சோற்றுக்கு அம்மா சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம் எனக்கு. அதனால் எந்த ஹோஸ் வழியாகத் தண்ணீர் இஞ்சினுக்குப் போகும், எந்த ஹோஸ் வழியாகச் சூடேறித் திரும்பும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

எனக்கு ஏற்கெனவே ஒரு தரம் நிச்சயமாகி நின்று போயிருந்தது. தாம்பூலம் மாற்றிய மறுநாள் மாப்பிள்ளை வீட்டு எருமை செத்துப் போனதாம். எருமை செத்ததற்கு நான் என்ன செய்வேன்? ராசியில்லாதவள் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். வெகுநாள் கழித்துத்தான் திருமழிசையிலிருந்து சின்னசாமிக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். இந்த முகூர்த்தமும் தவறிவிட்டால் அந்தப் பட்டம் என் நெற்றியில் பச்சை குத்தின மாதிரிதான். போதாக்குறைக்கு, மாமியாராகப் போகிற கெங்கம்மாள் பெரிய வாய்க்காரி என்று பேர்.

முந்தின நாள் நவமி, பெண் வாசல்படி தாண்டக் கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அதனால் கல்யாணத்தன்று காலையில்தான் புறப்பாடு. சொந்தக்காரர்கள் முதல் பஸ்ஸில் போய்விட்டார்கள். நான், அம்மா, அண்ணன் மூன்று பேர்தான் காரில். கிளம்பும்போது பார்த்தால் வண்டிக்கடியில் தண்ணீர் சொட்டுகிறது. ரேடியேட்டரில் ஊசி முனையளவு ஓட்டை.

இந்த மாதிரி ஓட்டைக்கு டிரைவர்கள் மஞ்சள் தூள் போடுவார்கள். தண்ணீரோடு ஓடிப்போய் ஓட்டையில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு சிட்டிகை போதும். நலங்குக்கு இடித்த மஞ்சள் வீட்டில் ஏராளமாக இருந்ததால் அண்ணன் ஒரு கை அள்ளிப் போட்டான். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கை. சொட்டு நின்றுவிட்டது. அம்மாவுக்குத்தான் மனசு நிற்கவில்லை.

"இன்னாடா இது, நல்ல காரியத்துக்குப் போற வண்டிக்கு ரெட்டப்படையா போடுறே? மூணா போடு" என்று மூன்றாவது கையை அவளே போட்டாள். போட்டுவிட்டு வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆவடியைத் தாண்டும்போதே சூடு காட்டும் முள் சிவப்பில் நின்றது. பருத்திப்பட்டு ஏரிக்கரை வந்ததும் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, கொஞ்சம் ஆறவிட்டு, சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினான். பருப்புப் பொங்குகிற மாதிரி மஞ்சளாகப் பொங்கி வழிந்தது. ஓட்டையை அடைக்கப் போட்ட மஞ்சள், தண்ணீர் ஓடுகிற குழாய்களையும் சேர்த்து அடைத்திருந்தது.

ஏரித் தண்ணீரை மொண்டு ஊற்றினான். "இது பூந்தமல்லி வரிக்கும்கூட தாங்காது, நாகு. மஞ்ச போட்டது என் தப்பு" என்றான். அம்மா தன்னுடைய பங்கைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் காட்டிக் கொடுக்கவில்லை.

சாலையில் முன்னும் பின்னும் பார்த்தேன். பஸ் வருகிற அறிகுறியே இல்லை. அப்போதுதான் எனக்கு ஹீட்டர் ஞாபகம் வந்தது. சீமைக் குளிருக்காக அந்தக் காரில் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். இஞ்சினின் சுடுதண்ணீரில் கொஞ்சம் அதற்குள் போகும். ஒரு சின்ன விசிறி அந்தச் சூட்டை உள்ளே இருப்பவர்கள்மேல் ஊதும். நம் ஊரில் அதற்கு என்ன வேலை? அதற்குத் தண்ணீர் போகிற குழாயை அண்ணன் மூடியே வைத்திருந்தான்.

"அண்ணா, ஹீட்டரு கீதே. அதுல மஞ்ச பூந்திருக்காது இல்ல?"

"டேப்பு மூடிகினு கீது. எப்பிடிப் பூரும்?"

"அப்ப தொறந்து வுடு. பாதிச் சூடு அந்த வழியா பூடும்."

"எங்க பூடும்? உன் மேலதான் வந்து அடிக்கும். கல்யாணப் பொண்ணு, அவிஞ்சி பூடுவே."

"அவிஞ்சா அவிஞ்சிட்டுப் போறேன். வண்டிய எடு."

அண்ணன் குழாயைத் திறந்தான்.

பின்சீட்டில் அம்மாவும் சீர்த் தட்டுகளும் இருந்ததால் நான் முன்னால், ஹீட்டருக்கு நேர் எதிரே. வெளியே வைகாசி வெயில், உள்ளே செங்கல் சூளை. பட்டுப்புடவை உடம்போடு ஒட்டியது. தலையில் மல்லிகை துவண்டது. முகத்தில் அப்பியிருந்த பவுடர் கோடு கோடாக இறங்கிக் கழுத்துக்கு வந்தது.

"உயிரோட கீறியா?" என்று அண்ணன் கேட்டுக்கொண்டே ஓட்டினான்.

"கீறேன். ரோட்டப் பாரு."

முள் மெல்லக் கீழே வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கேயோ குளிரில் நடுங்கி இந்தப் பெட்டியைக் கண்டுபிடித்த சீமைக்காரன் பிள்ளைகுட்டிகளோடு நன்றாயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

திருமழிசைப் பந்தல் வாசலில் போய் இறங்கியபோது மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. முகூர்த்தம் தவறவில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் பெண்கள் ஒருத்தர் காதை ஒருத்தர் கடித்தார்கள். கலைந்த பொட்டும் சிவந்த முகமுமாக நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஆரத்தித் தட்டோடு கெங்கம்மாள் முன்னால் வந்தாள்.

"இன்னாமா, அழுதுகினே வந்தியா? எம் புள்ளயப் புடிக்கலியா?"

"இல்லத்தே, வேர்வை" என்றேன். மஞ்சள், ஏரிக்கரை, ஹீட்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "முகூர்த்தம் தப்பிட்டா இன்னா ஆவுமோன்னு பயந்துட்டேன். நாந்தான் ஹீட்டரத் தொறக்கச் சொன்னேன்."

கெங்கம்மாள் தட்டைப் பக்கத்திலிருந்தவள் கையில் கொடுத்தாள். தன் புது முந்தானையால் என் நெற்றியை, கன்னத்தை, கழுத்தை அழுந்தத் துடைத்தாள்.

"இதுக்கா இப்பிடி வெந்துகினு வந்தே? இந்த முகூர்த்தம் போனா அடுத்ததுல கட்டுவான். அதுவும் போனா நாளைக்கிக் கட்டுவான். நீ வர்ற வரிக்கும் நாங்க எங்க போவப் போறோம், பைத்தியம்."

வழியெல்லாம் வராத அழுகை அப்போது வந்தது. எவ்வளவு அடக்கியும் நிற்கவில்லை.

"பொண்ணு இன்னாத்துக்கு அழுவுது?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"யாரும் அழுவல. வேர்வை" என்றாள் கெங்கம்மாள், மறுபடியும் என் கண்ணைத் துடைத்துக்கொண்டே.