நிலானியின் கைநாட்டு

என் அப்பா மலாயா ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தா. நான் கருவூலத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கைநாட்டு வைத்தவர் இல்லை. அதனால்தான் அன்று ஆஸ்பத்திரியில் தாதி குமுதா மைப்பெட்டியைத் திறந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

என் மருமகள் நிலானிக்கு மூன்று வருடமாகத் தோல் இறுகும் நோய். சிஸ்டமிக் ஸ்கிலெரோசிஸ் என்கிறார்கள். குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து நீலமாகும், நுனியில் புண் வரும். சொந்தக்காரர்கள் கேட்டால் 'அலர்ஜி' என்றே சொல்லிவந்தேன். யாராவது தொழுநோய் என்று பேச்சைக் கிளப்பிவிட்டால்? என் இளைய மகள் ஜெயமாலாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு மாதமாக நிலானிக்கு வறட்டு இருமல். வகுப்பில் ஒரு பாடம் நடத்தி முடிப்பதற்குள் மூன்று முறை நிறுத்துகிறாள். இந்த நோய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவும் இறுகிப்போகுமாம். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஓர் ஆய்வு நடக்கிறது. சேர்ந்தால் அன்றைக்கே மூச்சுப் பரிசோதனையும் ஸ்கேனும் உண்டு. மகன் ரஞ்சனுக்கு ஜொகூரில் வேலை. பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து நான்தான் காரில் அழைத்துப்போனேன்.

ஒப்புதல் பத்திரம் எட்டுப் பக்கம். நிலானி முழுவதும் படித்து, மலாய்ப் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழையையும் காட்டினாள். கையெழுத்து என்று வந்தபோதுதான் பேனா நழுவியது. வலது ஆள்காட்டி விரலில் கட்டு. அறையில் ஏர்கோன் குளிர் வேறு. மறுபடி எடுத்தாள். மறுபடி விழுந்தது.

"பரவால்லக்கா, கட்டவிரல் வைங்க. அங்கிள் சாட்சி போட்டா போதும்லா," என்றாள் குமுதா.

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? இவ பட்டதாரி டீச்சர். கைநாட்டு வைக்கிற ஆளோ?"

"ஐசி, அடையாள அட்டை எடுக்கறப்ப நீங்களும் கட்டவிரல் வச்சீங்கதானே அங்கிள்? அப்ப நீங்க படிக்காதவரா?"

"அது அரசாங்கத்துக்கு."

"இதுவும் அரசாங்க ஆஸ்பத்திரிதான்."

பக்கத்தில் காத்திருந்த அம்மாள் சிரித்துவிட்டார். எனக்குக் காது சுட்டது. விரல் ஆறியதும் வருகிறோம் என்றேன்.

"இன்னிக்கு ஸ்கேன் விட்டா அடுத்தது மூணு மாசம் ஆவும் அங்கிள்."

நிலானி என்னை எதிர்த்துப் பேசியதே இல்லை. "மாமா," என்றாள். "ஒவ்வொரு முறை இருமேக்கையும் இதுதானோ எண்டு பயந்துகொண்டு இருக்கிறன். எனக்கு இண்டைக்கே தெரியோணும்."

உட்கார்ந்தேன். அவள் இடது கையைப் பிடித்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கத்தரிக்காய் போலச் சில்லென்றிருந்தது. இந்தக் குளிரையா நான் அலர்ஜி என்றேன்? கட்டைவிரலை மையில் ஒற்றி, கோட்டின்மேல் நானே அழுத்தினேன். தோல் இறுகியிருந்ததால் ரேகைகூடச் சரியாக விழவில்லை. பக்கத்தில் என் கையெழுத்தை, கருவூலத்தில் போடுவதுபோல, முழுப் பெயரோடு போட்டேன்.

பிறகு கண்ணாடிக்கு அப்பால் அவள் குழாயில் ஊதினாள். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்!" என்று குமுதா மீன்கடைக்காரிபோலக் கத்தினாள். நானும் இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த அம்மாள் சொல்லித்தான் தெரிந்தது.

மூன்று மணிக்கு டாக்டர் அமுதவள்ளி ஸ்கேன் படம் தெரிந்த திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "நுரையீரல் நல்லா இருக்கு. மூச்சும் நோர்மல். வயித்து ஆசிட் மேல ஏறுதும்மா, அதான் இருமல். மருந்து தரேன். வருஷா வருஷம் வந்து பாத்துக்குவோம்."

நிலானி அழுதாள். நான் முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனேன். திரும்பிவரச் சற்று நேரமானது.

காரில் ஏறியதும் கிள்ளானிலிருந்து என் தங்கை இராசேஸ்வரி கூப்பிட்டாள். "அண்ணை, நிலானிக்கு அந்த அலர்ஜி எப்பிடி?"

"அலர்ஜி இல்லை," என்றேன். நோயின் பெயரைச் சொன்னேன். ஒட்டாது என்றும், நுரையீரல் தப்பியது என்றும் சொன்னேன். "ஆய்வில சேர்ந்திருக்கிறா. கைநாட்டு வைச்சு."

"எங்கட வீட்டிலயோ? கைநாட்டோ!"

"ஓம். நான்தான் சாட்சி."

நிலானி ஏர்கோன் துவாரத்தைத் தன் பக்கமிருந்து திருப்பப் பார்த்தாள். நான் அதை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினேன்.