குளியலறைக் கைப்பிடி

டர்ர்ரென்று வீடே அதிர்ந்தது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்கூட அதில் அமுங்கிப்போனது. கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த இவாஞ்சலினுக்கு அந்த இரைச்சல் இனித்தது. ஒருவழியாகக் குளியலறைச் சுவரில் கைப்பிடி ஏறப்போகிறது.

தேவிகாபுரத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள். மழைநாளில் பஸ் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து, கணவன் சார்லிதான் ஒவ்வொரு முறையும் குளியலறைக்குத் தூக்கிப்போய் உட்கார வைக்க வேண்டும். முதலில் அலுக்காமல் செய்தான். பிறகு, கூப்பிட்டால் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "இரு, வர்றேன்" என்றான். இப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்குகிறான். அதற்குப் பயந்தே அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருந்தால் போதும், தானே எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அவன் முகமும் பழையபடி ஆகிவிடும். நச்சரித்து நச்சரித்து இன்றைக்குத்தான் ஆள் வந்திருக்கிறது.

வந்த மணவாளன் வாயாடி. "டீச்சரம்மா, நான் போடற ஸ்க்ரூல யானையக் கட்டலாம். செவுரு வேணா பேந்துகினு வரும், ஸ்க்ரூ வராது" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையில் இறங்கியிருந்தான். மிஷின் முனை வழுக்காமலிருக்க டைல்ஸ் மேல் டேப் ஒட்டித் துளை போட்டான். உள்ளே தங்கிய தூளை ஊதி எடுத்தான். வெள்ளைத் தூளாக வந்தது. இன்னும் பூச்சிலேயே நிற்கிறது, சிவப்புத் தூள் வரும்வரை உள்ளே போகணும், செங்கல்லைக் கடித்தால்தான் ஆள் பாரம் தாங்கும் என்றான்.

சார்லிக்குப் பொறுக்கவில்லை. டைல்ஸ் விரிசல் விட்டுவிடும், இருக்கிற ஆழத்துக்குச் சின்ன ஸ்க்ரூவாகப் போட்டு ஜல்தியாக முடி என்று அதட்டினான். அந்த டைல்ஸை அவன் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியவன், பதறத்தானே செய்வான் என்று இவாஞ்சலின் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மணவாளன் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா முழு பாரத்தையும் இதன்மேல்தான் போடுவார்கள், பிடுங்கிக்கொண்டு வந்தால் மறுபடியும் இடுப்பு போய்விடும் என்றபடி மிஷினை ஓட்டினான். அதற்கு மேல் சார்லி கத்திக் கத்தி என்னவோ பேசினான். ஒன்றும் காதில் விழவில்லை. திறந்திருந்த கதவு வழியாக அவன் கை ஆடுவது மட்டும் தெரிந்தது.

மிஷின் சட்டென்று நின்றது. சார்லியின் குரல் நிற்கவில்லை.

"ஞாயித்துக்கெழம அவ அண்ணன் வந்து ஒரேடியா கூட்டிகினு பூடுவாரு. அதுவரைக்கும் தாங்கினா போதும்பா."