எழுந்து நின்றவருக்கு உதவி இல்லை

1

இந்தக் கதை ஒரு தேர்வுக் கேள்வியில் பிறந்தது. ‘அசெஸ்’ என்ற ஆங்கில வினைச்சொல்லின் பொருளையும், அதே பொருள் தரும் பிற சொற்களையும் எழுதுக. எழுதினேன்: மதிப்பிடு, கணி, அளவிடு, எடைபோடு, தரம் பார், ஆராய்ந்து முடிவு சொல். முழு மதிப்பெண். அந்தச் சொல் எனக்கு முழுதாகத் தெரியும் என்று கல்லூரியே ஒப்புக்கொண்டுவிட்டது.

அடுத்த வாரம் அந்தச் சொல், லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தின் படிகளில் மூச்சு வாங்க ஏறி மேல்வீட்டுக்கு வந்தது. தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை.

2

முதல் தொடக்கம்: ‘அதிகாரி பஸ்காரரை எடைபோட்டார்.’

(வேண்டாம். நிஜமாகவே எடை போட்டிருந்தால் தேவலை. அந்த எடையைத் தினமும் தூக்குவது யார் என்ற கேள்வியாவது வந்திருக்கும்.)

இரண்டாவது: ‘அதிகாரி பஸ்காரரைக் கணித்தார்.’

(மழையைத்தான் கணிப்பார்கள். அதுவே பாதி நாள் தப்பாகப் போகிறது.)

மூன்றாவது: ‘மேல்வீட்டுப் பஸ்காரருக்கு வலது கையும் காலும் விழுந்து ஒரு வருடமாகிறது.’ இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். பக்கவாதத்துக்குப் பிறகு அவரை எழுப்புவது, குளிப்பாட்டுவது, உட்காரவைப்பது எல்லாம் மனைவிதான். அந்த அம்மா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். மகள் பல் மருத்துவமனையின் வரவேற்பில் உட்காருகிறவள். விடிந்ததும் வேலைக்கு ஓட வேண்டும். காலையில் மட்டும் ஓர் உதவியாளரை அனுப்புங்கள் என்று, நோயாளிகளுக்கு வீட்டு உதவி தரும் அரசு அலுவலகத்தில் கேட்டிருந்தாள். முதலில் ஆள் வந்து மதிப்பிட வேண்டும் என்றார்கள்.

3

அதிகாரி வரும் நாளன்று மகள் விடுப்பு எடுத்திருந்தாள். குளித்துவிட்டு வந்து பார்த்தால் வீடே வேறு வீடாக இருந்தது. தரை துடைத்து, திரைச்சீலை மாற்றி, கழிப்பறை நாற்காலியைப் பால்கனிக்குத் தள்ளி அதன்மேல் போர்வையும் போர்த்தியாகிவிட்டது.

“அம்மா, அத ஏன் மறைச்சீங்க? அதப் பாக்கத்தானே வர்றாங்க!”

“வீட்டுக்கு ஒரு மனுஷி வர்றப்ப அதையா நடுவுல வைப்பாங்க? போடி.”

பஸ்காரர் சவரம் செய்து, பழைய சீருடைச் சட்டையில் இருந்தார். ஒவ்வொரு பொத்தானும் அம்மா போட்டது.

“மாப்பிள்ளை பார்க்க வர்றாங்களாப்பா?”

“வர்றது ஆபீசர்டி. பனியனோட உக்காரவா?”

அதிகாரி வந்தார்; மரியாதையாகப் பேசினார்.

“நீங்களே எழுந்துக்குவீங்களா ஐயா?”

“முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் மேடம். எனக்கென்ன?”

“குளிக்கிறது?”

“நானேதான்.”

“இல்ல மேடம், அம்மாதான் –” என்று மகள் குறுக்கே புகுந்தாள்.

“ஐயாவே சொல்லட்டும்மா.” அதிகாரி அம்மாவின் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு ஏதாவது சிரமமாம்மா?”

இடுப்பில் ஊன்றியிருந்த கையை அம்மா சட்டென்று எடுத்துவிட்டார். “எனக்கென்ன சிரமம்? டீ ஆறுது, குடிங்க.”

அப்போதுதான் அது நடந்தது. யாரும் பிடிக்காமல் பஸ்காரர் எழுந்து நின்றார். காலை இழுத்து இழுத்து ஜன்னல் வரைக்கும் போனார். திரும்பிச் சிரித்தார்.*

* மகள் கைதட்டினாள். இதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். மன்னிக்கவும்.

4

அதிகாரியைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ‘கைபேசியை நோண்டியபடியே அவர் அலட்சியமாக’ –

இல்லை. நோண்டவில்லை. டீயை முழுதாகக் குடித்தார், நன்றாக இருக்கிறது என்றார், கண்ணால் கண்டதை எழுதிக்கொண்டு போனார். எனக்கு ஆத்திரமே இதில்தான். திட்டுவதற்கு ஓர் ஆள்கூட இல்லாத அநியாயத்தை என்ன செய்வது? ஒரு மனிதர் இருக்கிற உயிரையெல்லாம் திரட்டி ஜன்னல் வரை நடக்கிறார். அதைப் பார்த்துவிட்டு, தினமும் இப்படித்தான் என்று முடிவு கட்டுகிறார்கள். தேர்வுக்கு முதல்நாள் மட்டும் படித்துத் தேறுகிற நான் இதைக் கேட்கக் கூடாதுதான். ஆனால் என் மதிப்பெண்ணால் யார் இடுப்பும் போகவில்லை.

5

பதில் வந்தது: ‘தாமாகவே இயங்குகிறார். உதவியாளர் தேவையில்லை.’ அந்த நடைக்குப் பிறகு கட்டிலைவிட்டு அசைய முடியாமல் கிடந்தவருக்கு மகளே அதை வாசித்துக் காட்டினாள்.

“யாருக்காகப்பா நின்னீங்க? டாக்டர் சொன்னப்ப நிக்கல. அம்மா கெஞ்சினப்ப நிக்கல.”

“வர்றவங்க முன்னாடி மூட்டை மாதிரி கெடக்கச் சொல்றியா?”

“திரும்ப வந்து பாக்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்கேன். இந்தத் தடவ எந்திரிக்காதீங்க.”

“நடிக்கச் சொல்றியா?”

“நடிக்காதீங்கன்னு சொல்றேன்!”

“ரெண்டு பேரும் அப்புறமா கத்துங்க,” என்றார் அம்மா. “காலப் புடிடி. திருப்பிப் படுக்கவைக்கணும்.”

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

பஸ்காரர் உட்கார்ந்தே இருக்கிறார், உதவி கிடைக்கிறது, அந்தச் சட்டையை அவர் மறுபடி கேட்கவே இல்லை. (மகளுக்குப் பிடித்த முடிவு. பஸ்காரர் என்னோடு பேச மாட்டார்.)

பஸ்காரர் மறுபடியும் நிற்கிறார். (அவருக்குப் பிடித்தது. மகள் என்னோடு பேச மாட்டாள்.)

அதிகாரி மனம் மாறி, கண்கலங்கி – (அடித்துவிட்டேன்.)

இத்தனை எழுதியும் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஜோடிக் கால்களை. அதிகாரி பார்த்ததும் அதைத்தான். மகள் பார்த்ததும், இதுவரை நீங்கள் பார்த்ததும் அதேதான். எழுந்து நிற்பாரா, மாட்டாரா!

அதிகாரி இரண்டாம் முறை வந்தபோது கதவைத் திறந்தது அம்மா. வீடு துடைக்கப்படவில்லை. டீ போடப்படவில்லை.

“வாங்க மேடம். இந்தத் தடவ அவர நிக்கச் சொல்லாதீங்க. என்னைக் குனியச் சொல்லுங்க.”

அதிகாரி சொல்லும்வரை அம்மா காத்திருக்கவில்லை. கட்டிலருகே போய்க் குனிந்து, தினமும் செய்வதுபோலக் கணவரின் அக்குளுக்குள் இரு கைகளையும் கொடுத்தார். தூக்கினார். பாதியில் இடுப்பு பூட்டிக்கொண்டது.

“இங்கதான் மேடம்,” என்றார் பல்லைக் கடித்தபடி. “தெனமும் இங்கதான் புடிச்சுக்கும்.”

மனைவியின் முகம் பஸ்காரரின் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது.

“விட்டுடு,” என்றார் அவர் மெதுவாக.

அம்மா விடவில்லை.

அதிகாரி பேனாவைத் திறந்தார். அவர் என்ன எழுதினார் என்பதை நான் எழுதப் போவதில்லை. நீங்களே எழுதுங்கள். பொருத்தமான சொல்லைத் தேடுகிறேன் என்று மட்டும் நேரம் கடத்தாதீர்கள். நீங்கள் முடிக்கும்வரை அந்த அம்மா நிமிர முடியாது.